ஒரு ராத்தல் சிக்கனம்

சிக்கனம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் தனி மரியாதை உண்டு. வீட்டுச் செலவைச் சிக்கனமாக நடத்தும் மருமகளை மாமியார்கூட மெச்சுகிறாள். சர்க்கார் பணம் வீணாகிறதே என்று ரயில் வண்டியிலோ காப்பிக் கடையிலோ அங்கலாய்க்காத மனிதர் யாரேனும் உண்டா? அந்த அங்கலாய்ப்பில் நியாயமும் இருக்கத்தான் இருக்கிறது. பத்து ரூபாய் ஒதுக்கினால் போய்ச் சேருவது எத்தனை என்பது ஊரறிந்த சங்கதி.

ஆனால் இதை ஒட்டி இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. வீணாவதைத் தடுக்கிறேன் என்று புறப்படுகிறவர், முதலில் எங்கே கை வைக்கிறார்? தண்ணீர்ப் பந்தலில் பானை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒழுகும் இடத்தைத் தேடி அடைப்பது ஒரு வழி. குடிக்க வந்தவனின் குவளையைச் சிறியதாக்கிவிட்டு, "இன்று இத்தனை குவளை மிச்சம்" என்று கணக்கு எழுதுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி சுலபமானது. அதற்குப் பானையைத் தொட வேண்டாம். பானையைக் காவல் காப்பவனையும் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு வழிகளுமே அங்கே தென்படுகின்றன. திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கும் கிடங்கில்தான் சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். பசித்து வந்த பாணர்களுக்கு வயிறாரப் போட்டவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனைப் பாடுகிறது. அந்த மண்ணிலிருந்து ஒரு பஞ்சத்தின் கதையைத் தொடங்குவது பொருத்தமாகவே இருக்கும்.

தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ம் வருஷம் பருவ மழை இரண்டும் பொய்த்தன. சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் ஜில்லாக்கள் சுடுகாடாயின. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது கடலூரைத் தலைமையாகக் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவின் தாலுக்காக்கள். அந்த ஜில்லா பெல்லாரி அளவுக்கு அடிபடவில்லை. ஆனால் ஏரியை நம்பிய பூமிக்கு ஏரி வறண்டால் வேறு கதி ஏது? தப்பித்தது என்று சொல்லவும் வழியில்லை.

அந்தச் சமயம் சென்னைக்குக் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. அவருடைய சர்க்கார் இரண்டு காரியங்கள் செய்தது. ஊர் ஊராக மண் வெட்டும் வேலைகளைத் திறந்துவிட்டது. அர்பத்நட் கம்பெனி மூலம், வெளியே சொல்லாமல், முப்பதாயிரம் டன் தானியம் வாங்கியது. இந்த இரண்டையும் கேள்விப்பட்ட கல்கத்தாவுக்குக் கவலை பிறந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவும் அவருடைய ஆலோசகர்களும், தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடவே கூடாது என்று நம்பியவர்கள். தவிர, கஜானாவில் கையிருப்பும் குறைவு. சென்னையின் செலவைக் கட்டுக்குள் கொண்டுவர ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1877 ஜனவரியில், டில்லி தர்பாரில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்த ஆரவாரம் அடங்குவதற்குள், ஸர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்குப் புறப்பட்டார்.

டெம்பிள் கல் நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது நியாயமில்லை. மூன்று வருஷங்களுக்கு முன்புதான், 1873-74ல், பீகாரில் பஞ்சம் வந்தது. அப்போது நிவாரணத்தை முன்னின்று நடத்தியவர் இவரேதான். பர்மாவிலிருந்து நான்கரை லட்சம் டன் அரிசி தருவித்தார்கள். கையேந்தியவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்தார்கள். பட்டினியால் செத்தவர்கள் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சச் சரித்திரத்தில் அப்படி நடந்தது அபூர்வம்.

அதற்கு டெம்பிளுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வசவு! எல்லாம் முடிந்த பிறகு ஒரு லட்சம் டன் அரிசி மீந்துவிட்டதாம். லண்டனில் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகை கண்டித்தது. இந்தியர்களை உயிரோடு வைத்திருப்பது சர்க்காரின் கடமை என்று அவர்களே எண்ணிவிடும்படி செய்துவிட்டார்களே என்பதுதான் குறை. உயிர் மீந்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை. அரிசி மீந்ததை எழுதினார்கள். ஊதாரி என்று பெயர் வாங்கிய உத்தியோகஸ்தர் அடுத்த முறை எப்படி நடந்துகொள்வார் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

சென்னை மாகாணத்தில் டெம்பிள் கண்ட காட்சி அவருடைய சந்தேகத்தைப் பலப்படுத்தியது. கிராமத்து நிவாரண வேலைகளில் மேற்பார்வை போதவில்லை. ஆள் கணக்குக்கும் வெட்டிய மண்ணுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. இதெல்லாம் உண்மையாகவே இருந்த குறைகள். ஆள் கணக்கை எழுதுகிறவன் யார், கூலியைப் பட்டுவாடா செய்கிறவன் யார் என்று துருவுவதோடு அவர் நின்றிருந்தால், இன்று அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கலாம்.

அவர் அதோடு நிற்கவில்லை. வேலைக்கு வந்திருந்த கூட்டத்தைக் குறைத்தார். பிறகு கூலியையும் குறைத்தார். நாள் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். இன்றைய கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைச்சல். 'டெம்பிள் கூலி' என்று சரித்திரத்தில் அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு ராத்தல் எப்படிப் போதும் என்று கேட்டவர் ஒருவர் இருந்தார். அவரும் வெள்ளைக்காரர்தான், அவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தான். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார் அவர். சுடுகிற வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு ஒரு ராத்தல் கொடுத்தால், அவன் உடம்பிலிருந்தே மீதியை எடுத்துச் சாப்பிடுகிறான் என்பது வைத்தியர் கட்சி. கொடுத்துப் பார்ப்போம், உடம்பு இளைத்தால் அப்புறம் யோசிப்போம் என்பது டெம்பிள் கட்சி. பரீட்சை செய்தது கூலிக்காரர்களின் உடம்பின் மேல்! பம்பாய் ராஜதானியில் தக்காணத்து ஜனங்கள் அந்தக் கூலிக்கு வேலை செய்ய மாட்டோம் என்று கூட்டம் கூட்டமாக வேலையை விட்டே போனார்கள். பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலை நிறுத்தம் அது.

சென்னை சர்க்கார் கார்னிஷின் பேச்சைப் பாதியளவு கேட்டது. 1877 மார்ச்சில் ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்று உயர்த்தியது. டெம்பிளோ அதே வருஷம் பம்பாய்க்குக் கவர்னராகப் போய்விட்டார். இம்முறை அவரை ஊதாரி என்று யாரும் சொல்லவில்லை.

பஞ்சம் ஓய்ந்தபோது, தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டிருந்தார்கள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு. அத்தனை சாவுக்கும் ஒரு ராத்தல் கூலிதான் காரணம் என்று சொல்லக் கூடாது. மழை பொய்த்தது, விலை ஏறியது, காலராவும் பெரியம்மையும் வந்தன. ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கூலிக்காரனின் தட்டு என்று முடிவு செய்தது மழையல்ல. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் டன் கோதுமை கப்பலேறியது. அதற்கு முன் அவ்வளவு போனதில்லை. அது வியாபாரம், அதில் கை வைக்கலாகாது என்றார்கள். பிற்பாடு பஞ்ச நிவாரணத்துக்கென்றே புது வரி போட்டு, வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் எடுத்து வைப்பதாக 1878ல் வாக்களித்தார்கள். ஆப்கானிஸ்தானத்தோடு யுத்தம் வந்ததும் அந்த வாக்கு பின்னுக்குப் போயிற்று. ராத்தலுக்கு ராத்தல் எடை பார்த்த தராசு, பீரங்கிச் செலவை நிறுக்கப் பயன்படவில்லை.

அந்தப் பஞ்சம் விட்டுச் சென்ற ஞாபகச் சின்னம் ஒன்று இன்னும் இருக்கிறது. திண்டிவனத்துக்குக் கிழக்கே இருபது மைல் போனால் மரக்காணம். உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அதுதான் தெற்கு முனை. சென்னைப் பட்டணத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் துண்டு, 1877-78ல் பஞ்சக் கூலிகளைக் கொண்டு முப்பது லட்சம் ரூபாயில் வெட்டப்பட்டது. 1878ல் கால்வாய் முழுவதற்கும் கவர்னர் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த மண் வேலை வீண் போகவில்லை. விறகும் உப்பும் நெல்லும் நெடுங்காலம் அதில் படகேறிப் போயின. 1960களின் புயல்களில் சிதைந்து தூர்ந்த பிறகும், 2004-ம் வருஷத்துச் சுனாமியின் வேகத்தைப் பல இடங்களில் அது தாங்கிக்கொண்டது. ஊதாரிச் செலவு என்று ஒருவர் கண்ணுக்குப் பட்டது, நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்து உயிர் காக்கிறது. எது வீண் என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்வது எளிதல்ல.

சரி, குடிப்பவனின் குவளையை விட்டுவிட்டுப் பானைக் காவல்காரனைச் சோதிக்கும் வழி நம் நாட்டுக்குத் தெரியாதா? தெரியும். திண்டிவனத்திலிருந்து வடக்கே போனால் தொலைவில்லாமல் உத்திரமேரூர் வருகிறது. அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ம் வருஷத்தவை, இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஓலை எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்பது மட்டும் நமக்கு ஞாபகம். அதைவிட ருசிகரமான விதி ஒன்று அதில் உண்டு. ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, எந்த வாரியத்தில் இருந்தாலும், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரக் கூடாது. அவன் மட்டுமல்ல; அவனுடைய சிற்றன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் என்று ஒரு நீண்ட உறவு ஜாபிதாவே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவர்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது! பதவியில் ஒரு வருஷம் இருந்தவன் அடுத்த மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும்.

இதைப் பொற்காலம் என்று கொண்டாடத் தேவையில்லை. அந்தக் குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். ஏரியில் மண் சுமந்தவனுக்கு அங்கே ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. ஆனாலும் ஒன்றை அந்தச் சபையார் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பணம் ஒழுகுவது அதைக் கையாளுகிறவன் விரலிடுக்கில். கையாளுகிறவனுக்கு மைத்துனனும் உண்டு, மருமானும் உண்டு.

பத்து நூற்றாண்டு தாண்டி நம் காலத்துக்கு வருவோம். தென்னாற்காடு 1993ல் பிரிந்து விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று. 2005-ம் வருஷம் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2006 பிப்ரவரி 2-ந் தேதி தேசத்தின் 200 ஜில்லாக்களில் அமலுக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஆறு ஜில்லாக்களில் விழுப்புரமும் ஒன்று. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் நூறு நாள் வேலை. பஞ்ச காலத்து மண் வெட்டும் வேலைக்கு அது தூரத்து வாரிசு. ஆனால் வாரிசுக்கும் மூதாதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. வேலை கேட்பது உரிமை என்றது சட்டம். வருகைப் பதிவேட்டைக் கிராம சபையில் வைத்து, யார் யார் பெயரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று ஊரார் முன்னால் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. செத்துப்போனவர் வேலைக்கு வந்ததாக எழுதியிருந்தால், கடலூரிலோ சென்னையிலோ இருக்கும் அதிகாரிக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தெரியும். உத்திரமேரூரில் இடம் இல்லாதிருந்த அந்தக் கிழவியையே தணிக்கையாளராக ஆக்கியதுதான் அந்தச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம். எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை. பல ஊரில் சபை கூடியதாகக் கையெழுத்து மட்டும் கூடியது. ஆனால் வழி சரியான வழி.

அதே விழுப்புரம் 2020ல் வேறொரு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. விவசாயிகளுக்கு வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போடும் மத்திய சர்க்கார் திட்டம் 2019ல் வந்தது. இடையில் மனிதர் கையே படாமல் டில்லியிலிருந்து நேராகக் குடியானவன் கணக்குக்குப் பணம் போகிறது. ஆகையால் திருட்டுக்கு இடமில்லை என்று நம்பினார்கள். கொரோனா ஊரடங்கு வந்தது. பட்டா, சிட்டா பார்த்துக் கிராம நிர்வாக அலுவலர் சொல்லும் பழைய முறை தளர்ந்தது. யாரும் கணினி மூலம் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம். அதிகாரி அதைச் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்று இருந்தது. அதிகாரியின் அனுமதிக்கு உரியது ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும். அந்தக் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போயிற்று.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் முதலிய ஜில்லாக்களில் காணி நிலம்கூட இல்லாதவர்கள் ராத்திரிக்கு ராத்திரி விவசாயிகள் ஆனார்கள். கொரோனா உதவிப் பணம் வருகிறது என்று நம்பி ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டியவர்களும் அவர்களில் உண்டு. செப்டம்பரில் விவசாயத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்கை வெளியிட்டார். தகுதியில்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். அதற்குள் 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். 34 பேர் தற்காலிக நீக்கம். 18 பேர் கைது.

மனிதர் கையே படாது என்றார்களே, அது உண்மைதான். குடியானவன் பக்கத்தில் கை படவில்லை. சாவி இருந்த பக்கத்தில் பட்டது. நேர்மையான வேளாண் அதிகாரிகள் எத்தனையோ பேர் அந்த ஜில்லாவில் இருந்தார்கள். மோசடி வெளியே வந்ததும் நடவடிக்கை எடுத்தது அதே சர்க்கார்தான். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிற்பாடு நடந்ததைப் பாருங்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கும் படலம் தொடங்கியது. தரகன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கண்ட கூலிக்காரி, முழுத் தொகைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2022ல் நாடெங்கும் உண்மையான விவசாயிகள் எல்லோரும் மறுபடி ஒரு முறை தாங்கள் தாங்களேதான் என்று நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஐம்பது வருஷம் மல்லாட்டைக்கொடி பிடுங்கி ரேகை தேய்ந்த விரலை இயந்திரத்தில் வைத்து, அது ஏற்றுக்கொள்ளுமா என்று கிழவர் காத்திருக்க வேண்டும். நூறு நாள் வேலையிலும் அப்படியே. 2023 ஜனவரியிலிருந்து வேலைக்காரர்களைத் தினம் இரண்டு தடவை படம் பிடித்து வருகை காட்ட வேண்டும் என்றார்கள். பதிவேடு எழுதுகிறவரைப் படம் பிடிக்கும்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

டெம்பிளின் ஒரு ராத்தலுக்கும் இந்த விரல் ரேகைக்கும் நூற்று நாற்பத்தைந்து வருஷ தூரம். அன்றைய அந்நிய ஆட்சி எங்கே, இன்று நாமே ஓட்டுப் போட்டு அமைத்த ஆட்சி எங்கே! இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். இன்று யாரும் பட்டினி போட்டுப் பரீட்சை செய்வதில்லை. ஆயினும் ஒரு பழக்கம் மட்டும் ஆட்சி மாறியும் மாறாமல் இருக்கிறது. திட்டத்தில் பணம் காணாமல் போனால், வரிசையில் நிற்கிறவனை இன்னொரு முறை சோதிப்போம் என்பதே முதல் யோசனையாக வருகிறது. வரிசையில் நிற்கிறவனுக்குச் செல்வாக்கு இல்லை; எதிர்த்துப் பேசமாட்டான். சாவிக்கொத்து வைத்திருப்பவனுக்கு மைத்துனர்கள் இருக்கிறார்கள்.

வீண் செலவை ஒழிக்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? 110 கோடி ரூபாய் விழுப்புரத்து ஏரிகளில் எத்தனையைத் தூர் வாரப் போதும் என்று எண்ணினால் வயிறு எரிகிறது. ஒழிக்கத்தான் வேண்டும். ஆகவே அடுத்த முறை ஒரு மந்திரியோ அதிகாரியோ, "இந்தத் திட்டத்தில் இத்தனை கோடி மிச்சப்படுத்திவிட்டோம்" என்று அறிக்கை விட்டால், உடனே கை தட்டிவிடாமல் ஒரு கேள்வி கேட்கலாம். யாரிடமிருந்து மிச்சப்படுத்தினீர்கள் ஐயா? பதில் ஒரு தரகனின் பெயராகவோ, கணக்குக் காட்டாத ஒரு வாரியத்தின் பெயராகவோ இருந்தால், தாராளமாகக் கை தட்டுவோம். பெயர்களே இல்லாமல் வெறும் தொகை மட்டும் வந்தால், டாக்டர் கார்னிஷ் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும். தட்டில் எவ்வளவு விழுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.